தலைக்குள் ஓர் இறப்பர் குழாய்: ஓர் உம்மாவின் கேள்வியும் அதற்குப் பின்னால் உள்ள வரலாறும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் உள்ள உம்மாமாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

சில வாரங்களுக்கு முன் பாடசாலையில் பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஓர் உம்மா மட்டும் வகுப்பறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய மகன் எமது மாணவன். பெயரோ வகுப்போ இங்கே தேவையில்லை. உம்மாவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

"சேர், புள்ளட தலைக்குள்ள இறப்பர் குழாய் ஒண்டு கிடக்கு. நாலு மாசத்துல வெச்சது. இறப்பர் பழசானா வெடிக்கும் எண்டு நீங்கதான் வகுப்பில சொன்னீங்களாம். புள்ள ராவெல்லாம் நித்திர இல்லாம கிடந்தான். அது உள்ளுக்கே உக்கிப் போகாதா?"

எமக்குத் தூக்கிவாரிப்போட்டது. உண்மைதான். விஞ்ஞான பாடத்தில் ஒரு பழைய இறப்பர் பட்டியை இழுத்து, அது பட்டென்று அறுந்ததைக் காட்டி, "காற்றும் வெயிலும் பட்டால் இறப்பர் இப்படித்தான்" என்று சொல்லியிருந்தோம். பின்வரிசையில் ஒரு பிள்ளை தன் காதுக்குப் பின்னால் உள்ள புடைப்பைத் தடவிக்கொண்டே அதைக் கேட்டிருக்கிறான் என்பது எமக்குத் தெரியாது.

அந்த உம்மா இன்னும் சொன்னார். சிலிக்கோன் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்ததாம். உடம்பு அல்லாஹ் தந்த அமானிதம், அதற்குள் வேற்றுப் பொருள் வைப்பது சரியில்லை என்று உறவில் மூத்த ஒருவர் சொன்னாராம். இதையெல்லாம் கேட்டுக் கேட்டு இரண்டு வருடமாகக் கிளினிக்குக்கே போகவில்லையாம். "கழட்டிவிடச் சொல்லலாமா எண்டும் யோசிக்கிறம் சேர்."

அந்த இடத்தில் நாம் சொன்னது ஒன்றுதான்: "கழட்ட வேண்டாம். முதலில் கிளினிக்குக்குப் போங்கள்." மற்றதற்கெல்லாம் படித்துவிட்டுப் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்தோம். இந்தப் பதிவு அந்த வாக்கு.

*மூக்கு இழந்த ஸஹாபி*

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குவோம். அர்பஜா பின் அஸ்அத் (ரழி) அவர்களின் சம்பவம் அபூதாவூத், திர்மிதி போன்ற ஹதீஸ் கிரந்தங்களில் உண்டு. ஜாஹிலிய்யாக் காலத்தில் குலாப் யுத்தத்தில் அவருடைய மூக்கு துண்டிக்கப்பட்டது. வெள்ளியில் ஒரு மூக்குச் செய்து வைத்துக்கொண்டார். அது துர்வாடை வீசத் தொடங்கியது. தங்கத்தில் ஒன்றை வைத்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அவருக்குச் சொன்னார்கள். ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்டிருந்தும் இந்த அனுமதி கிடைத்தது. மார்க்கத் தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் வேலை. அதற்குள் நாம் போகவில்லை. விஞ்ஞான ஆசிரியர் என்ற முறையில் ஒன்றை மட்டும் கவனிக்கிறோம். அங்கே எழுந்த பிரச்சினை வேற்றுப் பொருள் வைக்கலாமா என்பதல்ல. எந்தப் பொருளை உடம்பு பொறுத்துக்கொள்ளும் என்பது. வெள்ளி உடம்பின் ஈரத்தோடும் உப்போடும் தாக்கமடைந்து கறுக்கும். தங்கம் சும்மா இருக்கும்.

ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன் அந்தலூஸில் வாழ்ந்த சத்திரசிகிச்சை மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவியும் ஆடும் பற்களைக் கம்பியால் பிணைக்க வெள்ளியைவிடத் தங்கமே நல்லது என்றார். காரணம் அதேதான். இன்றைய மருத்துவ உலகம் இதற்கு 'உயிர் இணக்கம்' என்று பெயர் வைத்திருக்கிறது. ஒரு பொருள் உடம்பைக் கெடுக்கக் கூடாது. உடம்பும் அந்தப் பொருளைக் கெடுக்கக் கூடாது. இந்த இரண்டாவது பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

*மரத்து இறப்பரும் மணலில் பிறந்த இறப்பரும்*

இறப்பர் என்றால் எமது நாட்டவருக்கு முதலில் ஞாபகம் வருவது இறப்பர் மரம். 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்ஹாம் கொண்டுபோன வித்துக்கள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைவிட்டு, அந்த நாற்றுகள் அதே வருடம் இலங்கைக்கு வந்து கம்பஹா ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டன. அந்த மரத்துப் பால் கந்தகத்தோடு சேர்ந்து சூடாகும்போது உறுதியான இறப்பராகிறது. இதுதான் வல்கனைசுப்படுத்தல். தயருக்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது.

ஆனால் வருடக்கணக்காக உடம்புக்குள் வைப்பதற்கு அது ஏற்றதல்ல. அதன் மூலக்கூறுச் சங்கிலி காபன் அணுக்களால் ஆனது. சங்கிலியில் இடைக்கிடையே இரட்டைப் பிணைப்புக்கள் உண்டு. ஒட்சிசனும் ஓசோனும் கடிப்பது அந்த இடங்களைத்தான். நாம் வகுப்பில் அறுத்துக் காட்டிய பட்டியில் நடந்ததும் அதுதான். அதோடு மரத்துப் பாலில் புரதங்கள் உண்டு. சிலருக்கு அவை கடும் ஒவ்வாமையைக் கொடுக்கும். கையுறை போட்டால் கை தடிக்கும் தாதியரைக் கேட்டுப் பாருங்கள்.

சிலிக்கோன் வேறு குடும்பம். அதன் முதுகெலும்பில் காபன் கிடையாது. சிலிக்கன், ஒட்சிசன், சிலிக்கன், ஒட்சிசன் என்று மாறி மாறிப் போகும். எமது கடற்கரை மணலில் இருப்பதும் இதே இரண்டு அணுக்கள்தான். மணலில் அவை நாலு பக்கமும் இறுகிக் கல்லாக நிற்கின்றன. சிலிக்கோனில் ஒவ்வொரு சிலிக்கனின் இரு பக்கத்திலும் மெதைல் கூட்டங்கள் தொங்குவதால் அது நீண்ட, வழுவழுப்பான சங்கிலியாகிறது. கடிப்பதற்கு இரட்டைப் பிணைப்பு இல்லை. சாதாரண சிலிக்கோன் இறப்பர் பூச்சியத்துக்குக் கீழே 50 பாகையிலும் இறுகாது. 200 பாகைச் செல்சியஸ் சூட்டிலும் உருகாது.

'சிலிக்கோன்' என்ற பெயரே ஒரு தவறினால் வந்தது. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் பேராசிரியராக இருந்த பிரெட்ரிக் கிப்பிங் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சேர்வைகளை ஆராய்ந்தார். இவை கீற்றோன்களைப் போன்றவை என்று நினைத்து அதற்கு ஒத்த பெயரை வைத்தார். பின்னர் அமைப்பு வேறு என்று தெரிந்தது, பெயர் நிலைத்துவிட்டது. அவருடைய குடுவைகளில் அடிக்கடி பசைபோல் ஒட்டும் ஒரு பொருள் மிஞ்சும். அவருக்கு அது தொல்லை. நாற்பது வருடங்கள் உழைத்த பிறகும் இந்தத் துறைக்குப் பெரிய எதிர்காலம் இல்லை என்றே அவர் கருதினார். பிறகு உலகையே ஆண்டது அந்தத் தொல்லைப் பசைதான்.

1930களில் அமெரிக்காவின் கோர்னிங் கண்ணாடிக் கம்பெனியில் ஜேம்ஸ் பிராங்ளின் ஹைட் அந்தப் பசையின் பெறுமதியை உணர்ந்தார். 1940இல் ஜெனரல் இலெக்ட்ரிக் கம்பெனியின் யூஜின் றொச்சோ, மெதைல் குளோரைட்டு வாயுவைச் செம்பு ஊக்கியாக இருக்கச் சிலிக்கன் மீது செலுத்தி மூலப்பொருளை மலிவாகச் செய்யும் வழியைக் கண்டார். 1943இல் டவ் கோர்னிங் கம்பெனி உருவானது. அது யுத்த காலம். மிக உயரத்தில் பறக்கும் விமானங்களின் எரிபற்றல் தொகுதியைக் காப்பதற்குத்தான் அதன் முதல் சிலிக்கோன் பயன்பட்டது. மருத்துவம் அப்போது எவர் மனதிலும் இருக்கவில்லை.

*பலவீனமான பிள்ளையைப் பலப்படுத்தியது எது?*

சிலிக்கோன் இறப்பருக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. தனியாக எடுத்தால் படு பலவீனம். அதன் சங்கிலிகள் எண்ணெய் தடவிய நூல்களைப் போல ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். இழுத்தால் ஊறிய பாண் துண்டு போலப் பிய்ந்துவிடும்.

கணக்காகவே பார்ப்போம். வலுவூட்டாத சிலிக்கோன் இறப்பரின் இழுவை வலிமை அரை மெகாபஸ்காலுக்கும் குறைவு. 0.4 என்று வையுங்கள். 10 மில்லிமீற்றர் அகலமும் 2 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள ஒரு பட்டியில் 800 கிராம் நிறையைத் தொங்கவிட்டால் அறுந்துவிடும். ஒரு கிலோ சீனிப் பக்கற்றைக்கூடத் தாங்காது.

அதற்குள் மிக நுண்ணிய சிலிக்காத் தூளைக் கலந்தால் கதை மாறுகிறது. 1942இல் ஜேர்மனியின் டெகுஸா கம்பெனியில் ஹரி க்ளோப்ஃபர் என்பவர் இந்தத் தூளைச் செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். சிலிக்கன் தெத்திராகுளோரைட்டை ஐதரசன், ஒட்சிசன் சுவாலையில் எரித்தால் புகைபோல ஒரு வெண்தூள் கிடைக்கும். அதன் துணிக்கைகள் மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்கு அளவு. வழக்கமான வகையில் ஒரு கிராம் தூளின் மொத்த மேற்பரப்பு ஏறத்தாழ 200 சதுர மீற்றர். எமது பாடசாலை பட்மின்டன் மைதானம் போல இரண்டை விரித்து மூடலாம்.

இந்தப் பெரிய மேற்பரப்பில்தான் இரகசியம் இருக்கிறது. சிலிக்காவின் மேலுள்ள ஐதரொட்சில் கூட்டங்கள் சிலிக்கோன் சங்கிலியின் ஒட்சிசனைப் பிடித்துக்கொள்கின்றன. ஒரே துணிக்கையைப் பல சங்கிலிகள் பற்றிக்கொள்கின்றன. வலை பின்னும் மீனவ உறவுகளுக்கு இது உடனே விளங்கும். நூல் தனியே கிடந்தால் உருவிக்கொண்டு போகும். முடிச்சுப் போட்டால்தான் வலை. ஒரு நூல் அறுந்தாலும் பாரத்தை மற்ற நூல்கள் பங்கிட்டுக்கொள்ளும். கிழிசல் முடிச்சில் போய் நின்றுவிடும். இப்படி வலுவூட்டிய சிலிக்கோன் இறப்பரின் வலிமை 8 முதல் 10 மெகாபஸ்கால் வரை போகும். 800 கிராமில் அறுந்த அதே பட்டி இப்போது 16 கிலோவைத் தாங்கும். 

கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. தூள் கூடினால் இறப்பர் இறுகிவிடும், வளையாது. குறைந்தால் கிழியும். எவ்வளவு மென்மை, எவ்வளவு உறுதி என்ற அளவைப் பிடிப்பதுதான் இந்தத் துறையின் முழு வித்தை. அந்த அளவில் ஒரு குழந்தையின் உயிர் தொங்கிய கதைதான் அடுத்தது.

*ஒரு வாப்பாவின் கராஜ்*

எமது மூளையைச் சுற்றிலும் உள்ளேயும் ஒரு தெளிந்த நீர் உண்டு. வளர்ந்தவர்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லீற்றர் சுரந்து, அதே அளவு இரத்தத்தில் வடியும். வடியும் வழி அடைபட்டால் நீர் தேங்கும். குழந்தையின் தலை வீங்கும். மூளை நசுங்கும். ஐதரோசெபலஸ் என்று வைத்தியர்கள் சொல்வது இதைத்தான். அஸ்ஸஹ்ராவி காலத்திலேயே இந்த நோயை அறிந்திருந்தார்கள். நீரை வெளியே எடுக்கவும் முயன்றார்கள். நிலையான தீர்வு கிடைக்கவில்லை.

1949இல் அமெரிக்காவில் பிராங்க் நல்சன், யூஜின் ஸ்பிட்ஸ் என்ற இரு சத்திரசிகிச்சை நிபுணர்கள் சிறிய உலோக வால்வு ஒன்றையும் இறப்பர் குழாயையும் வைத்து நீரை மூளையிலிருந்து கழுத்து நாளத்துக்குத் திருப்பினார்கள். வழி சரி, பொருட்கள் சரியில்லை. குழாய் அடைபடும். இரத்தம் உறையும். உடம்பு சினந்துகொள்ளும்.

1955 நவம்பரில் பிலடெல்பியாவில் ஜோன் ஹோல்டர் என்ற தொழினுட்பவியலாளருக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் கேஸி. முதுகுத்தண்டு சரியாக மூடாத குறையோடு பிறந்த அவனுக்குத் தலையிலும் நீர் தேங்கியது. வாப்பா ஒரு பூட்டுக் கம்பெனியில் வேலை செய்தவர். மருத்துவம் படித்தவரல்ல. மகனுக்கு வைத்தியம் பார்த்த ஸ்பிட்ஸிடம் அவர் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். ஏன் வால்வு அடைபடுகிறது? என்ன அமுக்கம்? ஏன் இரத்தம் பின்னால் வருகிறது?

தாதி ஒருவர் இறப்பர்க் குழாயில் ஊசியைக் குத்தி எடுத்தபோது துளை தானாக மூடிக்கொண்டதை அவர் கவனித்தார் என்று இந்தக் கதை சொல்லப்படுகிறது. ஒரு மென்மையான குழாயில் சிறு கீறல் போட்டால் உள்ளிருந்து அமுக்கம் வரும்போது அது திறக்கும். அமுக்கம் போனதும் தானே மூடும். பின்னோக்கி எதையும் விடாது. பூட்டுக்காரரின் மூளை இதைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக் கராஜில் இருந்து குழந்தைகளின் பால் போத்தல் சூப்பிகளை வைத்தே முதல் மாதிரியைச் செய்தார்.

தத்துவம் வேலை செய்தது. பொருள்தான் காலை வாரியது. சத்திரசிகிச்சைக்கு முன் எதையும் நீராவியில் 121 பாகைச் செல்சியஸில் கிருமி நீக்க வேண்டும். அவர் எடுத்துப் பார்த்த பிளாஸ்டிக்குகள் அந்தச் சூட்டில் உருக்குலைந்தன. கீறல் ஒரு தலைமயிர் அளவு விலகினாலும் திறக்கும் அமுக்கம் மாறிவிடும். கூடத் திறந்தால் மூளை நீர் வேகமாக வடிந்துவிடும். திறக்காவிட்டால் வீக்கம். விசாரித்து விசாரித்து அவர் வந்து சேர்ந்த இடம்தான் டவ் கோர்னிங்கின் வலுவூட்டிய சிலிக்கோன் இறப்பர். சூட்டைத் தாங்கியது. கீறலின் உதடுகள் ஒட்டிப்போகவில்லை. எத்தனை தடவை திறந்து மூடினாலும் பழைய நிலைக்கு வந்தது. உடம்பும் அதை எதிர்க்கவில்லை.

1956 மார்ச் மாதம் அந்த வால்வு முதன்முதலாக ஒரு குழந்தைக்குப் பொருத்தப்பட்டது. அந்தக் குழந்தை கேஸி அல்ல. அவனுடைய உடல்நிலை அப்போது அதற்கு இடம் கொடுக்கவில்லை. பிறகு அவனுக்கும் பொருத்தினார்கள். ஆனால் ஏற்கனவே ஏற்பட்ட பாதிப்புக்கள் அவனை விடவில்லை. சுமார் ஐந்து வயதில் கேஸி காலமானான். வாப்பா நிறுத்தவில்லை. வேலையை விட்டுவிட்டு அந்த வால்வைச் செய்வதையே தொழிலாக்கினார். தன் மகனைக் காப்பாற்ற முடியாத ஒருவரின் உழைப்பினால் உலகம் முழுவதும் பிள்ளைகள் எழுந்து நடந்தார்கள். அதே காலத்தில் கலிபோர்னியாவில் றொபர்ட் பூடென்ஸ் என்ற நிபுணரும் தனிவழியில் சிலிக்கோன் வால்வுக்கே வந்து சேர்ந்தார்.

சிறுவர் கதைகள் எழுதிய றோல்ட் டாலின் பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1960இல் நியூயோர்க் வீதி விபத்தில் அவருடைய கைக்குழந்தை தியோவின் தலையில் நீர் தேங்கியது. பொருத்திய குழாய் திரும்பத் திரும்ப அடைபட்டது. டால், மாதிரி விமான எஞ்சின்கள் செய்த ஸ்டான்லி வேட், வைத்தியர் கென்னத் டில் ஆகிய மூவரும் சேர்ந்து 1962இல் இலகுவில் அடைபடாத வேறொரு வால்வைச் செய்தார்கள். அதிலிருந்து இலாபம் எடுப்பதில்லை என்றும் முடிவு செய்தார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு அது பொருத்தப்பட்டது.

*உடம்பு பொருளைக் கெடுத்த கதை*

இதுவரை நல்லதையே சொன்னோம். மற்றப் பக்கத்தையும் சொன்னால்தான் நேர்மை.

1960இல் அல்பர்ட் ஸ்டார் என்ற வைத்தியரும் லோவல் எட்வர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பொறியியலாளரும் சேர்ந்து செயற்கை இதய வால்வு ஒன்றைச் செய்தார்கள். ஓர் உலோகக் கூட்டுக்குள் ஒரு சிலிக்கோன் பந்து. இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் பந்து மேலும் கீழும் போகும். நிமிடத்துக்கு 70 தடவை என்றால் நாளொன்றுக்கு ஒரு இலட்சத்துக்கு மேல். ஆயிரக்கணக்கானோர் உயிர் பிழைத்தார்கள்.

சில வருடங்களில் சில பந்துகள் மஞ்சளாகி, வீங்கி, வெடித்தன. காரணம் தேடியபோது இரத்தத்தில் உள்ள கொழுப்பைப் பந்து உறிஞ்சியிருந்தது தெரிந்தது. பரிசோதனைக் கூடத்தில் உப்புநீரில் எத்தனை இலட்சம் தடவை அடித்தாலும் இது தெரியவராது. இரத்தத்தில் இருந்தால்தான் தெரியும். 1960களின் நடுப்பகுதியில் இறப்பரைப் பதப்படுத்தும் முறையை மாற்றிய பிறகு இந்தக் குறை பெரும்பாலும் மறைந்தது.

மிச்சிகனில் அல்பிரட் சுவான்சன் வாதத்தால் கோணிய விரல்களுக்குச் சிலிக்கோன் மூட்டு வைத்தார். வளைந்து வளைந்து அவற்றில் சில கிழிந்தன. கிழியாமை கூடிய வகை 1970களில் வந்தது. இழுத்தால் எவ்வளவு தாங்கும் என்பது மட்டும் போதாது, சிறு வெட்டு விழுந்தால் அது பரவாமல் நிற்குமா என்பதும் முக்கியம் என்ற பாடம் இப்படித்தான் கிடைத்தது.

*குரல் பதிவுக்குப் பதில்*

புற்றுநோய்ப் பயம் எங்கிருந்து வந்தது? பெண்களின் மார்பகத்துக்குப் பொருத்தும் சிலிக்கோன் பைகளிலிருந்து. 1962இல் அமெரிக்காவின் ஹியூஸ்டனில் இது தொடங்கியது. மருத்துவச் சாதனங்களை முன்கூட்டியே பரிசோதிக்கக் கட்டாயப்படுத்தும் சட்டம் அங்கே 1976இல்தான் வந்தது. பைகள் கசிந்தன, சுற்றியுள்ள தசை இறுகியது, பல்வேறு நோய்கள் வந்ததாகப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1992இல் அமெரிக்க அரசு பெரும்பாலான பாவனையை நிறுத்தியது. 1995இல் டவ் கோர்னிங் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. 1999இல் அமெரிக்க மருத்துவக் கழகம் ஆய்வுகள் அனைத்தையும் அலசி அறிக்கை தந்தது. கசிவும் இறுக்கமும் உண்மை, அவை சிறிய விடயமல்ல; ஆனால் சிலிக்கோன் உடம்பு முழுவதையும் பாதிக்கும் நோய்களையோ மார்பகப் புற்றுநோயையோ உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று இல்லை என்றது. பின்னாளில், மேற்பரப்பு சொரசொரப்பான சில மார்பகப் பைகளைச் சுற்றி அரிதான ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் வருவது கண்டறியப்பட்டு, அவ்வகைப் பைகள் சில 2019இல் மீளப்பெறப்பட்டன. அது அந்தப் பைகளோடு சம்பந்தப்பட்ட விடயம்.

இதைவிடப் பெரிய மோசடி பிரான்ஸில் நடந்தது. பிஐபி என்ற கம்பெனி பணம் மிச்சம் பிடிக்க, மருத்துவத் தரமில்லாத கைத்தொழில் சிலிக்கோனைப் பைகளில் நிரப்பியது. 2010இல் பிடிபட்டது. பிரான்ஸில் மட்டும் ஏறத்தாழ 30,000 பெண்களுக்கு அவற்றை அகற்றும்படி ஆலோசனை கூறப்பட்டது. உரிமையாளருக்கு 2013இல் சிறைத்தண்டனை கிடைத்தது.

ஆகவே உறவுகளே, 'சிலிக்கோன்' என்பது ஒரே பொருளின் பெயரல்ல. ஹாட்வெயார் கடையில் குளியலறை ஓரத்துக்கு அடிக்க வாங்கும் டியூபும் சிலிக்கோன்தான். குழந்தையின் தலைக்குள் இருக்கும் குழாயும் சிலிக்கோன்தான். இரண்டும் ஒன்றல்ல. மருத்துவத்துக்கானது தூய்மையாக்கப்பட்டு, மிச்சம் மீதிகள் அகற்றப்பட்டு, ஐஎஸ்ஓ 10993 என்ற சர்வதேச நியமத்தின்படி உயிர்க்கலங்களிலும் திசுக்களிலும் சோதிக்கப்பட்டு வருகிறது. அழகுக்காகத் திரவச் சிலிக்கோனை ஊசியால் ஏற்றுவது முற்றிலும் வேறு ஆபத்து. அதற்குக் கிட்டவும் போகாதீர்கள்.

*உம்மாவுக்குச் சொன்ன பதில்*

அந்த உம்மாவையும் மகனையும் பிறகு சந்தித்தோம். சொன்னது இதுதான்.

மரத்து இறப்பர் உக்குவது போல இது உக்காது. உடம்பு அதைச் சுற்றி ஒரு மெல்லிய தசையுறையைப் போட்டு, "நீ அங்கே இரு, நான் இங்கே இருக்கிறேன்" என்று ஒதுக்கி வைத்துவிடும். ஆனால் அது அழியாத பொருளும் அல்ல. எக்ஸ்றேயில் தெரிவதற்காகக் குழாயில் பேரியம் சல்பேற்றுச் சேர்க்கிறார்கள். பல வருடங்கள் போனால் குழாயின் மேல் சுண்ணாம்புப் படிவு படிந்து, அது நெகிழ்ச்சி இழக்கலாம். பிள்ளை வளர வளரக் குழாய் இழுபடும். எந்நேரமும் அசையும் கழுத்துப் பகுதியில் முறியவும் கூடும். உள்முனை அடைபடலாம். மேற்பரப்பில் கிருமி ஒட்டலாம். கிளினிக் இதற்காகத்தான் இருக்கிறது. பயந்து கிளினிக்கை விடுவதுதான் உண்மையான ஆபத்து. குழாயைக் கழற்ற நினைப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. நீர் திரும்பவும் தேங்கும்.

இப்படிப்பட்ட பிள்ளை உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ இருந்தால் இவற்றை ஞாபகம் வையுங்கள். விடாத தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, வழமைக்கு மாறான தூக்கம், பார்வை மாற்றம், வலிப்பு, காரணம் தெரியாத காய்ச்சல், குழாய் போகும் வழியில் சிவப்பு அல்லது வீக்கம். இவற்றில் ஏதேனும் வந்தால் ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். குழாய் இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

இன்னொன்று. கேஸிக்கு இருந்தது போன்ற முதுகுத்தண்டுக் குறையைப் பெருமளவு தடுக்கலாம். கர்ப்பம் தரிப்பதற்கு முன்பிருந்தே போலிக் அமிலம் எடுத்தால் இது வெகுவாகக் குறையும் என்பதைப் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் ஆய்வு 1991இல் உறுதிப்படுத்தியது. புதிதாகத் திருமணம் முடித்தவர்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிள்ளையின் தலையில் இருப்பது தொற்றுநோயல்ல. பக்கத்தில் இருத்த வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அது அந்தக் குழாயைவிட ஆழமாக உள்ளே போய்க் கிடக்கும்.

எமது பக்கத்துத் தவறையும் சொல்லி முடிக்கிறோம். அடுத்த வாரம் அதே வகுப்பில் இரண்டு பட்டிகளைக் கொண்டுபோனோம். ஒன்று பழைய இறப்பர் பட்டி. மற்றது சிலிக்கோன் பட்டி. இரண்டையும் கொதிநீரில் போட்டு எடுத்து, பிள்ளைகளிடமே இழுக்கக் கொடுத்தோம். பழையது அறுந்தது. மற்றது நீண்டு திரும்பியது. "இறப்பர் எல்லாம் வெடிக்கும் என்று போன கிழமை சேர் சொன்னது முழுக்கச் சரியில்லை" என்று சொன்னோம். ஆசிரியர் பிழை என்று ஒத்துக்கொண்டதில் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு.

பின்வரிசைப் பிள்ளை சிரிக்கவில்லை. பட்டியை வாங்கி, மூன்று நான்கு தடவை இழுத்துப் பார்த்தான். பிறகு, "சேர், இத நான் வீட்ட கொண்டு போகவா? உம்மாக்குக் காட்டணும்" என்று கேட்டான்.

கொடுத்துவிட்டோம். அவர்கள் கிளினிக்குக்கும் போய் வந்துவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

வல்ல அல்லாஹ் எல்லாப் பிள்ளைகளுக்கும் பூரண சுகத்தைத் தருவானாக. வட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவுகளை அனுப்புவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிப்போம். கேட்டுவிட்டுக் கிளினிக்கைக் கைவிடும் ஓர் உம்மா எமது ஊரிலேயே இருக்கக்கூடும்.